கை ஒப்படைத்தல்

விரல் வைத்தாள், ஒன்றும் தெரியவில்லை. காலையில் நடந்தது அவ்வளவுதான். அதன்பிறகு டயாலிசிஸ் பிரிவில் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது, கட்டில்கள் நிரம்பின, மெஷின்கள் ஓடத் தொடங்கின, ஏசிக் குளிருக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்கள், ஓரத்துக் கட்டிலில் யாரோ இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து சாம்பார் வாசனையைக் கிளப்பினார்கள். அல்போன்சாவின் மனசு மட்டும் நேசையனின் மணிக்கட்டை விட்டு நகர மாட்டேன் என்றது. நேசையன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், பிரிவில் எல்லாருக்கும் டிரைவர் அண்ணாச்சி. சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு மணிக்கட்டில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து ஒரு வழி உண்டாக்கி வைப்பார்கள். அந்த இடத்தில் ரத்தம் இரைந்து ஓடும், தீப்பெட்டிக்குள் பிடித்துப் போட்ட பொன்வண்டு மாதிரி தோலுக்கு அடியில் அதிரும். ஊசி போடுவதற்கு முன்னால் அதை விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அதிர்ந்தால் ஓட்டம் இருக்கிறது என்பார்கள். அதிராவிட்டால் குழாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். எத்தனையோ வருஷமாக எத்தனையோ கைகளில் வைத்த விரல். இன்றைக்கு வைத்தபோது தோல் இருந்தது, தழும்பு இருந்தது, பொன்வண்டு இல்லை. ஐயோ அண்ணாச்சி கை போயிற்றே என்று வாய் திறக்கப் போனாள். அதற்குள் இளைய நர்ஸ் அபிஷா வந்து, நகருங்க சிஸ்டர் என்று சொல்லாமல் சொல்லி நடுவில் புகுந்து, இரண்டு விரலை வைத்து, "சூப்பரா ஓடுது அண்ணாச்சி" என்றாள். ஊசியும் போட்டாள். குழாயில் சிவப்பு சுறுசுறுவென்று ஏறியது. அப்படியானால் கைக்கு ஒன்றுமில்லை. போனது விரல். அல்போன்சா தான் வந்ததே அதற்காகத்தான் என்பதுபோல அண்ணாச்சியின் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருக்கிற தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

தன் மேஜை என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. லில்லி புஷ்பம் சிஸ்டரின் மேஜை, லில்லி புஷ்பம் சிஸ்டரின் நாற்காலி, அதில் லில்லி புஷ்பம் சிஸ்டர் இத்தனை காலம் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் அளவுக்கே குழிந்துபோன மெத்தை. போன மாதம் அவர் ரிட்டயர் ஆனதும் இவளை இன்சார்ஜ் ஆக்கினார்கள். உட்காரும்போதெல்லாம் யாரோ பெரிய மனுஷியின் மடியில் ஏறி உட்கார்கிற மாதிரி இருக்கிறது, இறங்கு என்று சொல்ல ஆளில்லை, அதனால் உட்கார்ந்திருக்கிறாள். மெத்தையை மாற்றலாம். ஸ்டோரில் கேட்டால் புதுசு தருவார்கள். கேட்கவில்லை. எதையுமே கேட்கத் தோன்றவில்லை இப்போதெல்லாம். பதவி உயர்வு என்று சொன்ன அன்றைக்கு வீட்டில் ஒரே கொண்டாட்டம், வீட்டுக்காரர் சேவியர் கடல் ஓரத்துக்காரராக இருந்துகொண்டு மீனை விட்டுக் கோழி வாங்கி வந்தார், மகள் ஆன்சி கழுத்தைக் கட்டிக்கொண்டு "எங்கம்மா ஹெட்டு, எங்கம்மா ஹெட்டு" என்று தெருவே கேட்கக் கத்தினாள், மாதா படத்துக்கு முன்னால் பெரிய மெழுகுவர்த்தியாகப் பார்த்து ஏற்றினார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். வாய் தானாகப் போய்ச் சிரித்துவிட்டு வந்தது. கோழி உப்பாக இருந்ததா, உறைப்பாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது. சந்தோஷம் வரும், கொஞ்சம் தாமதமாக வருகிறது, கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். ஒரு வாரம் பார்த்தாள், வரவில்லை. சரி, பயமாவது வரட்டும் என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை. ஒருநாள் கேன்டீனில் டீ கிளாஸை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது டெக்னீஷியன் சுஜின் பதறிப்போய், "சிஸ்டர், கொதிக்குது, எப்படிப் பிடிச்சிருக்கீங்க?" என்றான். அப்போதுதான் கிளாஸைப் பார்த்தாள். விரல் நுனிகள் சிவந்திருந்தன. கொதிக்கிறதா? கொதிக்கிறது போலிருக்கிறது. மறுநாள் யாருக்கும் தெரியாமல் தன் விரலைத் தானே குத்திச் சர்க்கரை பார்த்தாள். சரியாக இருந்தது. சர்க்கரை என்று வந்திருந்தாலாவது ஒரு பேர் கிடைத்திருக்கும், மாத்திரை கிடைத்திருக்கும், சேவியர் இனிப்பை ஒளித்துவைத்து விளையாட்டுக் காட்டியிருப்பார். பேரில்லாத சீக்கை யாரிடம் போய்ச் சொல்வது. டாக்டரிடம் போய், சார் எனக்கு ஒன்றும் தோன்ற மாட்டேன் என்கிறது என்றால், நல்லதுதானே சிஸ்டர், எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள் என்பார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அபிஷா கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருக்கிறாள். நடக்கிறாளா மிதக்கிறாளா என்று தெரியாத நடை. அவளிடம் கேட்டிருக்கக் கூடாது. அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கேட்கச் சொன்னது அந்தக் கோயம்புத்தூர்க்காரர். புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்களுக்கு ஒருநாள் பயிற்சி என்று ஒரு ஹோட்டல் ஹாலில் உட்காரவைத்தார்கள், கழுத்தில் டை கட்டிய ஒருவர் மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார், பாம்பு புகுந்த வீட்டில் நடக்கிற மாதிரி. "உங்க டீம்ல ஒவ்வொருத்தரோட லட்சியம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? கேட்டிருக்கீங்களா? கேளுங்க. கேட்டு அதுக்குத் துணை நில்லுங்க. அவங்க வளர்ந்தா நீங்க வளர்வீங்க." கை தட்டினார்கள். அல்போன்சாவும் தட்டினாள். மதியம் பிரியாணி. அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை, வாயால் சொல்கிற வரைக்கும் எதிலும் தப்பு இருக்காது. சொன்னதைச் செய்கிற பழக்கம் இவளுக்குச் சின்னதிலிருந்தே உண்டு. மறுநாளே டீ நேரத்தில் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, உன் லட்சியம் என்ன என்று கேட்டாள். சொல்லும்போதே அந்தச் சொல் வாயில் கல் மாதிரி உருண்டது. சுஜின் யோசிக்காமல், "ஞாயித்துக்கிழமை லீவு சிஸ்டர்" என்றான். புதிதாகச் சேர்ந்த மெர்லின் பயந்துபோய், "எந்தத் தப்பும் செய்யாம இருக்கணும் சிஸ்டர்" என்றாள். அபிஷா மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு, "நெஜமாத்தான் கேக்கிறீங்களா?" என்றாள். நிஜமாகத்தானா கேட்டாள்? கோயம்புத்தூர்க்காரர் கேட்கச் சொன்னார் என்று சொல்ல முடியுமா? ஆமா என்று தலையாட்டினாள். "ஜெர்மனி போணும் சிஸ்டர். மொழிப் பரீட்சை எழுதிப் பாஸ் ஆயிட்டேன். ஆஸ்பத்திரியும் கெடச்சாச்சு. இந்த மாசக் கடைசில இங்கேருந்து விட்டாத்தான் போக முடியும், இல்லன்னா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிரும். யாருகிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்லன்னு தெரியாம இருந்தேன், நீங்களே கேட்டுட்டீங்க." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நன்றி. அதைப் பார்க்காமல் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அல்போன்சா அவளுடைய ஷூவைப் பார்த்தாள். வீட்டுக் கஷ்டமா பிள்ளே, கடன் ஏதாவதா என்று கேட்டாள், அப்படி ஏதாவது இருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்குமே என்று. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். போணும்னு ஆச. அவ்வளவுதான்" என்றாள் அபிஷா. ஆசை என்று அவள் சொன்ன விதம் பச்சைப் பிள்ளை பண்டம் கேட்கிற மாதிரி இருந்தது. அது எங்கோ தைத்திருக்க வேண்டும். தைத்ததா என்று இப்போது தேடிப் பார்க்கிறாள், இடம் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. டயாலிசிஸ் பயிற்சி கொடுத்து எடுத்த நர்ஸ், சொன்ன வருஷம் முடியாமல் போகக் கூடாது. அபிஷாவுக்கு இன்னும் கொஞ்ச காலம் பாக்கி. இன்சார்ஜ் ஒரு வார்த்தை, விடலாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள், முடியாது என்றால் முடியாது. நிர்வாகி ஜோயல் சார் நேற்றே கூப்பிட்டார். குரலில் சர்க்கரைப் பாகு. "புதுசா வந்திருக்கீங்க சிஸ்டர். வந்த கையோட நல்ல ஸ்டாஃப விட்டீங்கன்னா பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க? இப்ப விட முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம். நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னாடி கூப்பிடறேன்." நாளை என்றது இன்றைக்கு வந்துவிட்டது. மேஜையில் போன் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தை என்ன என்று இவளுக்கு மனப்பாடம். யார் சொல்லித் தர வேண்டும். அவளை விட்டா யூனிட் படுத்துரும் சார். இதே போனில், இதே நாற்காலியிலிருந்து லில்லி புஷ்பம் சிஸ்டர் சொன்னது. அன்றைக்கு அந்த 'அவள்' அல்போன்சா. குவைத்துக்கு ஆள் எடுத்தார்கள், இவள் தேறியிருந்தாள், ஆன்சி அப்போது பிறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் நெஞ்சு விம்மியது, ஐயோ நான் இல்லாவிட்டால் யூனிட்டே படுத்துவிடுமாம். பூரித்துப் போனாள் முட்டாள். லில்லி புஷ்பம் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. "போ மக்களே, யாரு தடுக்கா? கை எடுக்க ஒரு ஆளு வரட்டும், ஒப்படைச்சிட்டுப் போ" என்றுதான் சொன்னார். கை ஒப்படைக்கிறது இந்தப் பிரிவில் மட்டும் உள்ள வழக்கம், அவர் உண்டாக்கினது. ஒரு நர்ஸ் போகிறாள் என்றால், அவள் வழக்கமாக ஊசி போடுகிற ஒவ்வொரு நோயாளியின் கையையும் அடுத்தவளுக்கு ஒப்படைக்க வேண்டும். அடுத்தவளின் விரலைப் பிடித்து நோயாளியின் கையில் வைத்து, அதன்மேல் தன் விரலை வைத்து, இந்தா இங்கே மேடு, இங்கே வளையுது, இங்கே போகாதே முன்னாடி ஒரு தடவ வீங்கினது, என்று குருடருக்கு வழி காட்டுகிற மாதிரி நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கடைசியில் நோயாளி வாயால் சரி சொல்ல வேண்டும். அவர் சரி சொல்லாமல் கை மாறினதாகக் கணக்கில்லை. நல்ல வழக்கம், யாரும் குறை சொல்ல முடியாது. அந்த நல்ல வழக்கத்தால்தான் இவள் காலைக் கட்டினார்கள். கை எடுக்க ஆள் வரவே இல்லை. இந்த வாரம் வருவாள், அடுத்த மாதம் வருவாள், குவைத் போன வழி போயிற்று. கெட்டவரா என்றால் அதுவும் இல்லை. பிரசவத்துக்குப் பக்கத்தில் நின்றவர். ஆன்சிக்கு ஞானத்தாய். ஈஸ்டருக்குப் புடவை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாங்கலன்னா பேச மாட்டேன் என்பார். இப்படிப்பட்டவர் மேல் எந்தப் பக்கமிருந்து கோபப்படுவது. வழியனுப்பு அன்றைக்கு எல்லாரும் அழுதார்கள். லில்லி புஷ்பம் இவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் ஒழுக, "நீ எங்கயும் போகாம இருந்ததாலதான் மக்களே நான் இத்தன வருஷம் நிம்மதியா இருந்தேன்" என்றார். விரல் போனது அன்றைக்குத்தானா? அவர் கை சூடாகத்தான் இருந்திருக்கும், அழுகிறவர்கள் கை சூடாக இருக்கும். இவளுக்குத் தெரியவில்லை. கோபம் வர வேண்டிய இடம் அது, பத்து வருஷத்துக் கோபம் வண்டி வண்டியாக வந்து இறங்க வேண்டிய இடம். ஒன்றும் வரவில்லை. கேக் வெட்டினார்கள், ஒரு துண்டை இவள் வாயில் ஊட்டினார்கள், மென்றாள்.

அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னால் ஆயிற்று. ரொம்பச் சுலபம். அபிஷா அழுவாள், கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்திருப்பாள், பிறகு கல்யாணம், பிள்ளை, பிறகு ஒருநாள் இவள் ரிட்டயர் ஆகும்போது அபிஷாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீ போகாம இருந்ததாலதான் மக்களே. அந்த இடத்தில் வந்து நினைப்பு தட்டி நின்றது. திரும்ப ஆரம்பத்திலிருந்து வந்தது, திரும்பவும் அங்கேயே நின்றது. சரி, விடலாம் என்று சொன்னால்? மற்ற கைகளைச் சுஜின் பார்த்துக்கொள்வான். டிரைவர் அண்ணாச்சியின் கை அப்படிப்பட்டதில்லை. குழாய் ஆழத்தில் ஓடுகிறது, பாதி வழியில் ஒரு வளைவு. சுஜின் முயற்சி செய்த அன்றைக்கு ஊசி குழாயைத் துளைத்து அந்தப் பக்கம் போய், கை வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். மெர்லின் இன்னும் ஊசியைக் கையில் எடுக்கவில்லை. பாக்கி இருப்பது அல்போன்சா. ஒரு காலத்தில் இந்தப் பிரிவில் எப்படிப்பட்ட கையும் இவளுக்கு அடங்கும். அந்த அல்போன்சா இருக்கிற தைரியத்தில் அபிஷாவை விட்டுவிட்டு, பொன்வண்டு தெரியாத விரலோடு அண்ணாச்சி முன்னால் போய் உட்கார்ந்தால், அது துணை நிற்பதா, கொலைக்கு நிற்பதா. டை கட்டினவர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒருவேளை மதியப் பிரியாணிக்குப் பிறகு சொல்லியிருப்பார், இவள் தூங்கியிருப்பாள்.

மெஷின் ஒன்று கத்தியது. அண்ணாச்சியின் மெஷின்தான். பயம் வந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பாள், எழுந்து நடந்தாள். ஒன்றுமில்லை, கையை ஆட்டியிருக்கிறார், குழாய் மடங்கியிருக்கிறது, அபிஷா ஏற்கெனவே வந்து சரிசெய்துகொண்டிருந்தாள். சரிசெய்துகொண்டே வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள், ஜெபம் போல. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "தப்பு. நேத்து வேற மாதிரில்லா சொன்ன. திருப்பிச் சொல்லு" என்றார். அல்போன்சாவைப் பார்த்ததும் அபிஷா வாயை மூடிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நழுவினாள். "என்ன பாடம் அண்ணாச்சி?" என்றாள் அல்போன்சா. "ஜெர்மன் பாஷ. எனக்கு என்ன எழவு தெரியும், அவ நேத்து சொன்னதும் இன்னிக்குச் சொன்னதும் ஒண்ணா இருக்கான்னு பாப்பேன், அவ்வளவுதான். கட்டிப் போட்டுக் கெடக்கியவனுக்கு வேற என்ன சோலி?" அப்படியானால் இவருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை என்றாளே. இவர் முன்னால் சொல்லத் தேவையிருக்கவில்லை போலிருக்கிறது, கையைக் கொடுத்தவர் காதையும் கொடுத்திருக்கிறார். மாதக்கணக்காக இந்த மனுஷர் தன் கையில் ஊசி போடுகிறவளை ஊரைவிட்டு அனுப்பப் பாடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அவ போயிட்டா உங்க கை என்ன ஆகும்னு யோசிச்சியளா அண்ணாச்சி?" கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான கேள்வி என்று உறைத்தது. நேசையன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். "பயம் உண்டு மக்களே. இல்லன்னு சொன்னா பொய்யி. சுஜின் பய குத்தின அன்னைக்கு வலிச்சது இப்பவும் நெனப்பு இருக்கு. அதுக்காவ, எறங்க வேண்டிய பிள்ளைய எனக்க பயத்துக்கு வண்டியில வச்சுக் கூட்டிட்டுப் போவ முடியுமா? எத்தன வருஷம் வண்டி ஓட்டினவன் நான்." இதைச் சொல்லிவிட்டு, பெரிய விஷயம் எதுவும் சொல்லாதவர் போல, பக்கத்துக் கட்டில்காரரின் இட்லிக்குச் சட்னி இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினார்.

கண்ணாடிக்குப் பின்னால் போன் அடித்தது. போய் எடுத்தாள், லில்லி புஷ்பத்தின் மடியில் உட்காராமல் நின்றுகொண்டே எடுத்தாள். ஜோயல் சார் குசலம் விசாரித்தார், மகள் படிப்பை விசாரித்தார், "அப்போ அந்தப் பொண்ணு விஷயம் சிஸ்டர், முடியாதுன்னு வச்சுக்கலாம்ல?" என்றார். அவளை விட்டா, என்று ஒரு குரல் தொண்டை வரை வந்துவிட்டது. தன் குரல்தான், பழக்கப்பட்ட வண்டித்தடத்தில் மாடு போகிற மாதிரி அதுபாட்டுக்கு வந்தது. "விடலாம் சார்" என்றாள். "யோசிச்சுச் சொல்லுங்க. அந்த டிரைவர் கேஸ யாரு பாப்பா?" "நான்." "நீங்க ஊசி போட்டே ரொம்ப நாளாச்சு." "மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு சார். நான் கை எடுத்துக்கிறேன். என்னால முடியலன்னா முடியலன்னு முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன். அதுக்காக அவளை நிறுத்திவைக்க வேண்டாம்." "உங்க பொறுப்பு" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். குரலில் பாகு வற்றிப்போயிருந்தது. போனை வைத்துவிட்டு அல்போன்சா கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது ஏதாவது வரும், நெஞ்சு லேசாகும், கண்ணில் தண்ணீர் வரும், ஒரு நல்ல காரியம் செய்தவர்களுக்கு வருகிற ஏதோ ஒன்று. மெஷின்கள் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. இனிமேல் இந்த முடிவு தப்பாகப் போனால் யாரைக் குற்றம் சொல்வார்கள் என்று யோசித்தாள், என்னைத்தான் என்று தெரிந்தது, அதுவும் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது.

அபிஷாவைக் கூப்பிட்டாள். சொன்னாள். அபிஷா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், கண் மட்டும் பெரிதாகியது. "நெஜமாவா சிஸ்டர்?" அன்றைக்கும் இதையேதான் கேட்டாள். இன்றைக்குத் தலையாட்டுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. "அழுறத வீட்டுல போய் அழு. இப்ப அண்ணாச்சி கைய எனக்கு ஒப்படை" என்றாள். "இப்பவா? நீங்க... நீங்க எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவங்க, உங்களுக்கு நான்..." "வா பிள்ளே." ஜூனியர் பிள்ளைகள் உட்காருகிற குட்டி ஸ்டூலைக் காலால் இழுத்து அண்ணாச்சியின் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள். சுஜின் பார்த்தான். மெர்லின் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர் இட்லியை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பார்த்தார். இன்சார்ஜ் சிஸ்டர் ஸ்டூலில் உட்காருவதை யாரும் பார்த்ததில்லை. அபிஷா தயங்கித் தயங்கி அவள் விரலைப் பிடித்து, ஊசிகளுக்குக் கீழே, மணிக்கட்டுத் தழும்பில் வைத்தாள். அதன்மேல் தன் விரலை வைத்தாள். "இதுதான் வாய் சிஸ்டர். இங்கேருந்து மேல போகுது. இந்தா, வளைவுக்கு இங்கதான் ஆரம்பம். தெரியுதா?" தெரிகிறது என்று சொல்ல வேண்டிய இடம். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள், சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியவும் போவதில்லை. தோல் இருந்தது. தழும்பு இருந்தது. மேலே இருந்த விரல் நடுங்கியது, அது லேசாகத் தெரிகிற மாதிரி இருந்தது. கீழே ஒன்றுமில்லை. "எனக்கு ஓட்டம் தெரியல அண்ணாச்சி" என்றாள் அல்போன்சா. நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, ஓரத்துக் கட்டில் வரை கேட்டிருக்கும். "கொஞ்ச நாளா எனக்கு விரல்ல ஒண்ணும் தெரியல. காலையிலயும் தெரியல. உங்ககிட்ட மறைச்சுட்டேன்." நேசையன் தன் கையைப் பார்த்தார், அதன்மேல் அடுக்கி வைத்திருந்த இரண்டு பெண்களின் விரலைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். "சரின்னு இப்ப சொல்ல மாட்டேன், கேட்டியா" என்றார். "சொல்ல வேண்டாம் அண்ணாச்சி." "தெரியுத வரைக்கும் வச்சிரு மக்களே. இன்னிக்குத் தெரியலன்னா அடுத்த தடவ வந்து வை. நான் எங்க ஓடப் போறேன்?" கையை இன்னும் கொஞ்சம் வாகாகத் திருப்பிக் கொடுத்தார். தூரத்தில் வேறொரு மெஷின் கத்தத் தொடங்கியது. அபிஷா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அல்போன்சாவைப் பார்த்தாள். "போ. நான் வச்சிருக்கேன்" என்றாள் அல்போன்சா. அபிஷா கையை எடுத்துக்கொண்டு ஓடினாள். விரலை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள் அல்போன்சா. ஏசிக் காற்று வந்து பட்டது. தன் விரல்மேல் அபிஷாவின் கை இருந்த இடத்தில் மட்டும் குளிர் தெரிந்தது.